வாடகை வீட்டுக் கடிதம் ஒன்றின் இத்தாலிய மொழிபெயர்ப்பு: நிகழ்வு ஆய்வு

ஆங்கிலத்திலிருந்து இத்தாலிய மொழிக்குப் பெயர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மரபுத்தொடர்களைக் கண்டே அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தால் ஒரு நன்மையும் உண்டு: மரபுத்தொடர் வந்ததும் நின்று, அகராதியைத் திறந்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொள்கிறார்கள். அன்றாடச் சொல் வரும்போது யாரும் நிற்பதில்லை. இங்கே எடுத்துக்கொண்டுள்ள ஒருபக்கக் கடிதத்தில் கடுமையான பிழைகள் அனைத்தும் அப்படி நிற்காமல் கடந்துபோன சொற்களில்தான் நேர்ந்திருந்தன. மரபுத்தொடர்கள் ஆறும் அகராதிப்படி சரியாகவே இருந்தன. ஆயினும் அவற்றுள் பாதியைத் திருத்த வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் காரணங்கள் வெவ்வேறு என்பதால் தனித்தனியே பார்ப்பது நல்லது.

கடிதமும் அதன் சூழலும்

இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு பெண் வேலை நிமித்தம் பொலோஞ்ஞா நகருக்குக் குடிபெயர இருந்தார். தரகர் மூலம் வீட்டைப் பார்த்துவிட்டார். உரிமையாளரை இன்னும் சந்திக்கவில்லை. உரிமையாளர் வயதில் மூத்த பெண்மணி, ஆங்கிலம் அறியாதவர். குடிபுகுமுன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சில ஐயங்களைக் கேட்டு, நட்பான தொனியில் ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கடிதத்தை, இத்தாலிய மொழியை இரண்டாம் ஆண்டாகக் கற்கும் மாணவர் ஒருவர் பெயர்த்துத் தந்தார். அவருடைய வரைவு பார்வையிடுவதற்காக என்னிடம் வந்தது. இத்தாலிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட திருத்துநர் ஒருவரும் நானும் சேர்ந்து அதை வரி வரியாகப் படித்தோம். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, மொழி சார்ந்தவற்றை மட்டும் இங்கே பதிவுசெய்கிறேன்.

யாரை எப்படி விளிப்பது

ஆங்கிலத்தின் ‘யூ’ எவரையும் குறிக்கும். இத்தாலிய மொழியில் அப்படி ஒரு சொல் இல்லை. நெருங்கியவருக்கு ‘டூ’, மரியாதைக்குரியவருக்கும் அறிமுகமற்றவருக்கும் ‘லெய்’, பலருக்கு ‘வோய்’ என்று பிரித்தே ஆக வேண்டும். தமிழில் மரியாதை பன்மையால் வருகிறது. இத்தாலிய மொழியிலோ, எதிரில் இருப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும், படர்க்கைப் பெண்பால் ஒருமையால் வருகிறது. ஆகவே ‘லெய்’யைத் தேர்ந்தெடுத்தால் பெயர்ச்சொல் ஒன்றை மாற்றுவதோடு முடியாது, கடிதத்தின் வினைகள், உடைமைச் சொற்கள், நன்றி சொல்லும் முறை அனைத்தும் படர்க்கைக்கு மாற வேண்டும். ‘டி ரிங்க்ராட்ஸியோ’ என்பது ‘உனக்கு நன்றி’. ‘லா ரிங்க்ராட்ஸியோ’ என்பதுதான் ‘உங்களுக்கு நன்றி’.

மூலத்தில் இதற்கு எந்தக் குறிப்பும் இல்லாததால், வரைவு பெரும்பாலும் ‘டூ’விலேயே ஓடியது, மாதிரிக் கடிதங்களிலிருந்து எடுத்த இரண்டு வாக்கியங்களில் மட்டும் ‘லெய்’ புகுந்திருந்தது. முன்பின் அறியாத மூத்த பெண்மணியை ஒரு வரியில் ஒருமையிலும் மறுவரியில் மரியாதையாகவும் விளித்தால், எழுதியவர் மொழி அறியாதவர் என்று மட்டுமல்ல, மனிதர்களை மதிக்கத் தெரியாதவர் என்றும் படிப்பவருக்குத் தோன்றிவிடக்கூடும். விளிப்பும் அதே வழியில் தவறியிருந்தது. ஆங்கிலத்தின் ‘டியர்’ அலுவலகக் கடிதத்திலும் வரும், காதல் கடிதத்திலும் வரும். அதற்கு நேராக இட்ட ‘காரா’ நெருங்கிய உறவுக்கே பொருந்தும். ‘ஜென்டீலே சிஞ்ஞோரா’ என்று திருத்தினோம்.

இந்த மரியாதை வடிவத்துக்கு அரசியல் வரலாறும் உண்டு. முசோலினியின் ஆட்சி 1938இல் ‘லெய்’யை அயல்நாட்டு அடிமைத்தனத்தின் எச்சம் என்று தள்ளி, அதன் இடத்தில் ‘வோய்’யைப் புகுத்த முயன்றது. போருக்குப் பின் ‘லெய்’ மீண்டும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தெற்கு இத்தாலியில் சில இடங்களில் ‘வோய்’ இன்றும் மரியாதைச் சொல்லாக வழங்குகிறது. அங்கே அது பழைய வழக்கின் தொடர்ச்சி.

அன்றாடச் சொற்கள்

ஒலியால் ஒத்து, பொருளால் விலகும் சொற்களை இத்தாலியர் ‘ஃபால்ஸி அமீச்சி’, அதாவது பொய் நண்பர்கள் என்பார்கள். பட்டியலாகப் படிக்கும்போது அவை எளிதாகத் தெரிகின்றன. ஓடும் வாக்கியத்துக்குள் அவற்றை இனங்காண்பது கடினம். காரணம், பெரும்பாலும் அவை பிழையான வாக்கியத்தைத் தருவதில்லை; இலக்கணம் பிசகாத, பொருள் தெளிவான, ஆனால் வேறொரு செய்தியைச் சொல்லும் வாக்கியத்தைத் தருகின்றன. படிப்பவர் ஐயப்படவே வழியில்லை.

‘தனக்கு ஈவென்சுவலி ஒரு வண்டி நிறுத்துமிடம் தேவைப்படும்’ என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். உடனே வேண்டாம், ஆனால் பிற்பாடு கட்டாயம் வேண்டும் என்பது பொருள். வரைவில் இருந்த ‘எவென்டுவால்மென்டே’ என்ற சொல்லுக்கு ‘தேவை நேர்ந்தால், ஒருவேளை’ என்று பொருள். அப்படிப் படித்த உரிமையாளர் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. ‘பியூ அவான்டி’, அதாவது ‘பிற்பாடு’ என்ற எளிய தொடர் அந்த இடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த வரியில் ‘ஆக்சுவலி, நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன்’ என்று வந்தது. ‘அட்டுவால்மென்டே’ என்பது ‘தற்போது’. ஆகவே வரைவின்படி வீட்டிலிருந்து வேலை செய்வது தற்காலிக ஏற்பாடாகிவிட்டது. பகல் முழுவதும் ஒருவர் வீட்டில் இருப்பாரா என்பது வீட்டுக்காரருக்கு முக்கியமான செய்தி என்பதால், ‘உண்மையில்’ என்று பொருள்படும் ‘இன் ரெயால்டா’வை இட்டோம்.

கோடையில் தாய் தந்தையர் வந்து தங்குவார்கள் என்ற வாக்கியம் இதைவிடவும் தொல்லை தரக்கூடியது. ஆங்கிலத்தின் ‘பேரன்ட்ஸ்’ இத்தாலிய மொழியில் ‘ஜெனிட்டோரி’. ‘பரென்டி’ என்றால் உறவினர். இரண்டு பேர் வருவதாக எழுதியவர், உற்றார் உறவினர் அனைவரையும் அழைத்துவந்து தங்கவைக்கப் போவதாக அறிவித்தவராகிவிட்டார். தன்னைச் ‘சென்சிபிள்’ ஆனவர், நிதானமானவர் என்று சொல்லிக்கொண்ட இடத்தில் வரைவு ‘சென்ஸீபிலே’ என்றது. அது எளிதில் மனம் கலங்கும் மென்மையானவரைக் குறிக்கும். ‘புவொன் சென்ஸோ’ உள்ளவர், அதாவது நல்லறிவும் நிதானமும் உள்ளவர் என்று மாற்றினோம். ‘லைப்ரரி’ புத்தகக்கடையாக, ‘லிப்ரெரீயா’வாக மாறியிருந்ததும் இந்த வகைதான், நூலகம் என்பது ‘பிப்லியோட்டேக்கா’.

‘எக்ஸைட்டட்’ என்ற சொல்லைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புது வீட்டுக்கு வருவதில் மகிழ்ச்சியும் ஆவலும் என்று ஆங்கிலத்தில் இயல்பாக வரும் அச்சொல்லுக்கு நேராக ‘எச்சிட்டாட்டா’ என்று எழுதினால், இத்தாலியர் காதில் முதலில் பாலுணர்ச்சிப் பொருளே தட்டக்கூடும். அகராதிகள் இரண்டு பொருளையும் தருவதால் மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. இந்த ஆவலைச் சொல்ல இத்தாலிய மொழி ஓர் அழகான தொடரை வைத்திருக்கிறது: ‘நொன் வேடோ லோரா’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அந்த வேளை என் கண்ணில் படவில்லை’. கருத்து, எப்போது வரும் என்று காத்திருக்கிறேன் என்பது. ஆங்கிலத்தில் மரபுத்தொடரே இல்லாத ஓர் இடத்தில் இத்தாலிய மொழி மரபுத்தொடரைக் கேட்கிறது. இதன் பயனைப் பின்னால் காணலாம்.

இவற்றில் சேராத இன்னொரு வகை உண்டு. அங்கே ஒலி ஒப்புமை இல்லை, ஆங்கிலச் சொல்லின் வீச்சு மட்டுமே அகலமாக இருக்கிறது. வாடகையில் ‘பில்ஸ்’ அடங்குமா என்று கடிதம் கேட்டது. உணவகத்தில் கொடுப்பது ‘கோன்டோ’, வணிகர் தருவது ‘ஃபட்டூரா’, மின்சாரமும் எரிவாயுவும் சார்ந்து வருவது ‘பொல்லெட்டா’. வரைவு முதலாவதைத் தேர்ந்திருந்தது. அடுக்ககக் குடியிருப்புகளில் பொதுச்செலவுக்கென்று தனிப்பங்கு இருப்பதையும் ஆங்கிலச் சொல் தொடவில்லை. மூலத்தில் இல்லாத கேள்வியை மொழிபெயர்ப்பாளர் தானாகச் சேர்க்கக் கூடாது என்பதால், அதைக் கடிதம் எழுதியவரின் கவனத்துக்குக் கொண்டுசென்றோம். அவரே ஒரு வரி சேர்த்துத் தந்தார்.

‘நெஃப்யூ’வும் அப்படிக் கேட்டுத் தெளிய வேண்டிய சொல்லாக இருந்தது. இத்தாலிய மொழியில் ‘நிப்போட்டே’ என்ற ஒரே சொல் உடன்பிறந்தாரின் பிள்ளைகளையும் குறிக்கும், பேரன் பேத்தியையும் குறிக்கும். மூட்டை முடிச்சுகளைத் தூக்க ‘மீயோ நிப்போட்டே’ வருவான் என்று படித்தால், தனக்கு வரப்போகும் குடித்தனக்காரர் பேரன் எடுத்தவர் என்றுகூட உரிமையாளர் எண்ணக்கூடும். சகோதரியின் மகனா, சகோதரனின் மகனா என்று கேட்டறிந்து, ‘என் சகோதரியின் மகன்’ என்றே விரித்து எழுதினோம்.

வரைவில் இன்னோர் இடத்தில் பெண் தன்னைப் பற்றி ‘உறுதியாக நம்புகிறேன்’ என்று சொல்லும்போது ‘சிக்கூரோ’ என்ற ஆண்பால் வடிவம் வந்திருந்தது. தன்மையில் பேசும்போதும் இத்தாலியப் பெயரடை பால் காட்டும் என்பதால் ‘சிக்கூரா’ என்றிருக்க வேண்டும். ஆங்கிலமும் தமிழும் இவ்விடத்தில் பால் காட்டுவதில்லை. எனவே கவனம் பிசகுவது எளிது.

முன்பணம் என்ற ஒரு சொல்

கடிதத்தில் அதிக விலை கொடுத்திருக்கக்கூடிய பிழை ‘டெபாசிட்’ என்ற சொல்லில் இருந்தது. ஒப்பந்தம் கைக்கு வந்ததும் அந்தத் தொகையை அனுப்புவதாகவும், வீட்டைக் காலி செய்யும்போது அது திருப்பித் தரப்படும் என்று தான் புரிந்துகொண்டிருப்பதாகவும் அந்தப் பெண் எழுதியிருந்தார். வரைவில் அது ‘கப்பார்ரா’ என்று மாறியிருந்தது. அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. பேச்சு வழக்கில் இத்தாலியரில் பலரும் வாடகை முன்பணத்தை அப்படிச் சொல்வதும் உண்டு. ஆனால் எழுத்தில் அது வேறொன்று.

‘கப்பார்ரா கொன்ஃபிர்மட்டோரியா’ என்பது ஒப்பந்தத்தை உறுதிசெய்யக் கொடுக்கும் அச்சாரம். இத்தாலிய உரிமையியல் சட்டத்தொகுப்பின் 1385ஆம் பிரிவின்படி, கொடுத்தவர் வாக்குத் தவறினால் வாங்கியவர் ஒப்பந்தத்திலிருந்து விலகி அந்தத் தொகையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். வாங்கியவர் தவறினால் கொடுத்தவர் விலகி இருமடங்கு கேட்கலாம். குடியிருப்பவர் சேதம் விளைவித்தாலோ வாடகை பாக்கி வைத்தாலோ ஈடுகட்டுவதற்காகக் கொடுத்து, காலி செய்யும்போது திரும்பப் பெறும் பணத்தின் பெயர் ‘டெப்போஸித்தோ கௌட்ஸியோனாலே’. 1978ஆம் ஆண்டின் 392ஆம் எண் சட்டம் அதன் 11ஆம் பிரிவில் இந்தத் தொகை மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும், அதற்கான சட்டப்படியான வட்டியை ஆண்டு முடிவில் குடியிருப்பவருக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

ஒரு சொல்லின் பின்னால் இப்படி இரண்டு வெவ்வேறு உரிமைகளும் கடமைகளும் நிற்கும்போது, ‘எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள்’ என்பது காரணமாகாது. தன் கையெழுத்தோடு அனுப்பும் கடிதத்தில், திரும்பி வர வேண்டிய பணத்தை ஒருவர் அச்சாரம் என்று தானே பெயரிட்டு எழுதக் கூடாது. ‘டெப்போஸித்தோ’ என்ற பாதிச் சொல்லும் போதாது. அது சேமிப்புக் கிடங்கையும் வங்கி வைப்பையும் குறிக்கும். முழுத் தொடரையும் இட்டோம். நட்பான தொனிக்கு நடுவே அது சற்றுச் சட்டவாடையோடு நிற்பதை இருவரும் உணர்ந்தோம். அந்த இடத்தில் அது அப்படி நிற்பதே சரி என்று முடிவுசெய்தோம்.

மரபுத்தொடர்கள் ஆறு

மாணவர் இவற்றுக்கெல்லாம் உரிய இணைகளைக் கண்டிருந்தார். வீட்டைக் கண்டுபிடிப்பது கேக் துண்டு போல எளிதாக இருந்தது என்பதற்கு, சிறுவர் விளையாட்டு என்று பொருள்படும் ‘உன் ஜோக்கோ டா ரகாட்ஸி’. சாமான் ஏற்றிவரும் செலவு ஒரு கையும் ஒரு காலும் கேட்கிறது என்பதற்கு, தலையிலிருக்கும் ஒரு கண் என்ற ‘உன் ஓக்கியோ டெல்லா டெஸ்டா’. உங்கள் காலணியில் நான் இருந்தால் என்பதற்கு, உங்கள் உடையில் என்ற ‘நெய் பான்னி’. விருந்தினர் நீல நிலா தோன்றும்போது வருவார்கள் என்பதற்கு, ஒவ்வொரு போப்பாண்டவர் மறையும்போதும் என்ற ‘ஓஞ்ஞி மோர்ட்டே டி பாப்பா’. விரல்களைக் குறுக்கே வைத்து நல்லது நடக்க வேண்டும் என்பது இத்தாலிய மொழியிலும் அதே விரல்களோடு இருக்கிறது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்வேனா என்று ஐயமே வேண்டாம் என்ற பொருளில் வந்த ‘யூ பெட்’ மட்டும் ‘சி புவோய் ஸ்கொம்மெட்டெரே’, நீ பந்தயமே கட்டலாம் என்று ஆகியிருந்தது.

இந்தக் கடைசித் தொடரைச் சற்று நின்று பார்க்கலாம். அயல்நாட்டுத் திரைப்படங்களுக்கு 1930கள் முதல் குரல்மாற்றம் செய்துவரும் நாடு இத்தாலி. உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டிய நெருக்கடியில், ஆங்கிலத் தொடர்களை ஒட்டிப் பிறந்த ஒருவகை மொழி அங்கே வளர்ந்துவிட்டது. அதற்கு ‘டொப்பியாஜ்ஜேஸே’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பந்தயம் கட்டலாம் என்ற தொடர் அந்த வகையைச் சேர்ந்தது. திரையில் அதைப் பலமுறை கேட்ட மாணவர் அதை இத்தாலியப் பேச்சு என்று நம்பியதில் வியப்பில்லை. இத்தாலியருக்கும் அது புரியும். ஆனால் ஒரு மூதாட்டிக்கு எழுதும் கடிதத்தில் அது படக் கதாபாத்திரத்தின் குரலில் ஒலிக்கும். ‘கட்டாயம்’ என்ற பொருளுடைய ‘ஸென்ஸால்ட்ரோ’ என்று திருத்தினோம்.

போப்பாண்டவர் தொடரைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. அது உயிர்ப்பான தொடர், நாட்டின் வரலாற்றிலேயே வேர்விட்டது, எவரும் அறிந்தது. விட மனம் வரவில்லை. திருத்துநர் வேறொன்றைச் சுட்டினார்: அது நெருங்கியவர்களுக்கிடையே விளையாட்டாகப் பேசும் தொடர், முதல் கடிதத்தில், ‘லெய்’ என்று விளிக்கும் ஒருவரிடம், அதுவும் மறைவைச் சொல்லி, அவருடைய சமயப்பற்று எப்படிப்பட்டது என்று தெரியாமல் எழுதுவது துணிச்சல். அவர் சொன்னதே சரி. ‘மிகவும் அரிதாக’ என்ற வெற்றுத் தொடரை இட்டோம். சிறுவர் விளையாட்டையும் விட்டுவிட்டு, ‘மிக மிக எளிது’ என்று ஒரே சொல்லில் சொல்லும் ‘ஃபச்சிலீஸ்ஸிமோ’வை எடுத்துக்கொண்டோம், விகுதியைக் கொண்டே உணர்ச்சியைக் கூட்டும் வசதி இத்தாலிய மொழிக்கு இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது இழப்பு.

கண், உடை, விரல் ஆகிய மூன்றும் நிலைத்தன. நீங்கிய மூன்றால் கடிதம் வறண்டுவிடவில்லை என்பதற்குக் காரணம், முன்பு சொன்ன ‘நொன் வேடோ லோரா’. மூலத்தில் ஓர் இடத்தில் இருக்கும் சுவையை அதே இடத்தில் தர முடியாதபோது, பெயர்ப்பு மொழி தானாக இடம் தரும் இன்னோர் இடத்தில் ஈடுசெய்யலாம்.

இதைப் போலவே வலியத் திணிக்காமல் அமைந்தது தொடக்க வரி. ‘ஐ லைக்’ என்பதில் விரும்புபவர் எழுவாய். இத்தாலிய ‘மி பியாச்சே’யில் விரும்பப்படும் பொருளே எழுவாய், விரும்புபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதன் அமைப்பும் அதுவே. ஆங்கிலம் வழியாக இத்தாலிய மொழி கற்கும் தமிழர்கள் இந்த வினையில் தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆங்கில வாக்கியத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்தே நேராக யோசித்தால் அந்தத் தடுமாற்றத்துக்கு இடமில்லை.

அனுப்பிய வடிவம்

கடிதம் இப்படித் தொடங்கியது: ‘ஜென்டீலே சிஞ்ஞோரா, லப்பர்டமென்டோ மி பியாச்சே மோல்ட்டோ எ நொன் வேடோ லோரா டி ட்ரஸ்ஃபெரீர்மி.’ வீடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, குடிபுகும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்பது பொருள். முடிவில் ‘கோர்டியாலி சலூட்டி’ என்ற வழக்கமான வாழ்த்து. இடையில் வண்டி நிறுத்துமிடம், பெற்றோர் வருகை, மின்கட்டணமும் பொதுச்செலவும், முன்பணம் ஆகிய நான்கும் ஐயத்துக்கு இடமின்றி நின்றன.

வரப்போகும் பதிலில் கவனிக்க வேண்டியது ஒன்றை அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். ‘டூ’வுக்கு மாறலாம் என்று அழைக்கும் உரிமை பெரும்பாலும் வயதில் மூத்தவருக்கே உரியது. ‘டியாமோச்சி டெல் டூ’ என்ற தொடர் உரிமையாளரின் பதிலில் வந்தால், அடுத்த கடிதத்தை ‘காரா’ என்று தொடங்கலாம், வினைகளை எல்லாம் முன்னிலை ஒருமைக்கு மாற்றலாம். விருந்தினர் வருகையைப் பற்றி எழுத நேர்ந்தால் போப்பாண்டவரையும் தயங்காமல் அழைத்துக்கொள்ளலாம்.